டவராவும் புட்டியும்

நுழையும்முன்

அன்றாடம் பருகும் பானத்தை மனிதர் ஆராய்ந்து தேர்வதில்லை. பழக்கம் அவர்களுக்காகத் தேர்ந்துவிடுகிறது. எப்போதேனும் ஒருமுறை வரலாறு குறுக்கிட்டு, ‘இதை ஏன் குடிக்கிறாய்?’ என்று கேட்கிறது. 2017-ஆம் ஆண்டு அலங்காநல்லூரில் எழுந்த குரல், தமிழ்நாட்டுக் கடைகளில் இருந்த குளிர்பதனப் பெட்டிகளின் முன்னும் அக்கேள்வியை வைத்தது. அக்கேள்வியைக் காப்பிக் குவளையின் முன்னும் வைத்துப் பார்க்கிறது இப்பாடம்.

வாடிவாசலிலிருந்து கடைத்தெருவுக்கு

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அலங்காநல்லூர். பெரியாற்றுப் பாசனக் கால்வாயின் நீர் பாயும் ஊர். நெல்லும் கரும்பும் விளையும் ஊர். வடதிசையில் சிறுமலை நீலக்கோடாய்த் தெரியும். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்பது ஏறுதழுவுதலின் வரிசை. அந்த மூன்றாம் நாளில் உலகின் கண்கள் இவ்வூரின் வாடிவாசலை நோக்கும்.

2014-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஏறுதழுவுதலுக்குத் தடை விதித்தது. அதன்பின் வந்த தைத்திங்கள்களில் வாடிவாசல் மூடியே கிடந்தது. 2017-ஆம் ஆண்டு சனவரி 16 அன்று, மரபுப்படி காளைகள் அவிழ்த்துவிடப்படவேண்டிய நாளில், இளைஞர்கள் அலங்காநல்லூரில் கூடி இரவு முழுதும் கலையாமல் அமர்ந்திருந்தனர். மறுநாட் காலையில் இருநூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை பிடித்துச் சென்றது. அன்றே சென்னை மெரினாக் கடற்கரையில் மாணவர் திரண்டனர். சனவரி 23 அன்று சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றும்வரை அக்கூட்டம் வளர்ந்துகொண்டே இருந்தது. பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூரில் வாடிவாசல் திறந்தது.

இவ்வளவும் பலர் அறிந்த செய்தி. இதனோடு ஒட்டி எழுந்த மற்றொன்றைப் பலர் மறந்துவிட்டனர். காளைக்காகக் கூடிய இளைஞர், பேச்சு வளர வளர, மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேசத் தொடங்கினர். அதற்குக் காரணம் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்து பொய்த்திருந்தது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு 2017 சனவரியில் அறிவித்தது. காய்ந்த வயல்களைக் கண்டு உழவர் கலங்கிய அதே மாதங்களில், திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் அயல்நாட்டுக் குளிர்பானங்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்குத் தாமிரபரணி நீரைத் தருவது முறையா என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்துகொண்டிருந்தது. கடற்கரையில் குளிர்பானப் புட்டிகளைத் திறந்து மணலில் கவிழ்த்தனர் சிலர். வணிகர் சங்கப் பேரமைப்புகள், 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக்கோகோலா வகைப் பானங்களைத் தம் உறுப்பினர் விற்பதில்லை என்று அறிவித்தன.

மார்ச் முதல்நாள் வந்தது. பல ஊர்களில் அப்புட்டிகள் கடைகளிலிருந்து இறக்கப்பட்டன. அடுத்த நாளே, மார்ச் 2 அன்று, ஆலைகளுக்கு நீர் தருவதை எதிர்த்த மனுக்களை மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. வெயில் ஏறியது, கோடை வந்தது. இன்று எந்தச் சிற்றூர்க் கடையிலும் அதே நிறப் புட்டிகள் அதே பெட்டிகளில் குளிர்ந்துகொண்டிருக்கின்றன.

சினம் ஏன் நிலைக்கவில்லை? இக்கேள்விக்குச் சினத்தைக் குறைசொல்வது விடையாகாது. ஒன்றை விலக்குவதற்குச் சினம் போதும். விலக்கிய இடத்தில் வேறொன்றை நாள்தோறும் வைப்பதற்கு அது போதாது.

இதற்கு ஓர் அயல்நாட்டுச் சான்று உண்டு. 1773-ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று, ஆங்கிலேயரின் தேயிலை வரியை எதிர்த்து அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினர் குடியேற்ற மக்கள். அடுத்த ஆண்டு, பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் பயணக்களைப்போடு ஒரு விடுதிக்கு வந்து தேநீர் கேட்டார். இவ்வீட்டில் தேநீரைக் கைவிட்டுவிட்டோம், காப்பி வேண்டுமானால் போட்டுத் தருகிறேன் என்றார் விடுதிப் பெண்மணி. அன்றுமுதல் பிற்பகல்தோறும் காப்பியே குடித்து வருவதாக ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார். அங்கே விலக்கிய இடம் வெறுமையாக விடப்படவில்லை. அடுப்பில் வேறொரு பாத்திரம் ஏறியிருந்தது. அந்தக் காப்பி எங்கிருந்து வந்தது என்பது வேறு கதை. அக்காலத்தில் உலகுக்குக் காப்பியைப் பெருமளவில் விளைவித்துத் தந்தவர்கள் கரீபியத் தீவுகளில் விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள். ஒரு கொடுமையை விலக்கிய குவளையில் இன்னொரு கொடுமை நிரம்பியிருந்ததை அன்று பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

கோலிக்குண்டும் சீனியும்

பன்னாட்டுப் பானத்தை விலக்கியவர்களுள் பலர் உள்ளூர்ப் புட்டியை நாடினர். அது இயல்பே. தென்மாவட்டங்களுக்குப் புட்டிப் பானம் புதிதன்று. கழுத்தில் பளிங்குக் குண்டை அடைத்த சோடாப் புட்டியை 1872-இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்து அதை மறந்துவிட்டது. மதுரைப் பக்கத்துத் திருவிழாக்கடைகள் மறக்கவில்லை. கட்டைவிரலால் குண்டை அழுத்தும்போது எழும் ஓசை, தென்தமிழ்நாட்டுக் கோடையின் ஓசைகளுள் ஒன்று. விருதுநகரில் 1916-இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனம், பின்னாளில் பொவண்டோ என்னும் பானத்தைத் தந்தது. 1977-இல் கோக்கோகோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. 1993-இல் திரும்பி வந்தது. அது திரும்பியபின் உள்ளூர் நிறுவனங்கள் பல விலைபோயின, சில மறைந்தன. நின்றவற்றின்மேல் மக்களுக்குப் பற்று இருப்பதில் வியப்பில்லை. 2017-இல் அவற்றின் விற்பனைக்கு ஒரு புதுவாழ்வு கிடைத்தது.

ஆயினும், புட்டியின் மேலொட்டிய பெயரை நீக்கிவிட்டு உள்ளே இருப்பதைப் பார்த்தால் வேறுபாடு மிகச் சிறிது. கரியமிலவாயு ஏற்றிய நீர், சீனி, புளிப்புக்கான அமிலம், நிறம், மணம் ஆகியவையே எல்லாவற்றிலும் அடிப்படை. இவ்வகைப் பானங்களில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சீனி இருப்பது வழக்கம். 300 மில்லிலிட்டர் புட்டி ஒன்றைக் குடித்தால் 30 கிராம் சீனி உடலில் சேர்கிறது. ஒருவர் நாள் முழுவதும் சேர்த்துக்கொள்ளும் சீனி 25 கிராம் அளவில் இருப்பது நலம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் கருத்துரைத்தது. தாகத்துக்கு ஒருமுறை குடித்த புட்டியே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. உள்ளூர் முதலாளியின் சீனி குருதியில் கனிவாக நடந்துகொள்வதில்லை.

சீனியைப் பற்றி அலங்காநல்லூருக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுவட்டாரக் கரும்பை அரைத்த தேசியக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்குதான் இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் சாலையோரம் வரிசைகட்டி நின்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சில ஆண்டுகளாக அரவை நின்றுகிடக்கிறது. திறக்கவேண்டும் என்று கரும்பு உழவர்கள் கேட்டுவருகின்றனர். கரும்பு விளைவித்த கைகளின் நிலை இது. அதே கைகள் சந்தைக்கு வந்து, எந்த ஊர்ச் சீனி என்றே தெரியாத இனிப்பு நீரைக் காசு கொடுத்து வாங்குகின்றன. பொருளியல் நூல்களில் எளிதாக விளங்கும் இவ்விந்தை, கடை முன் நின்று பார்க்கும்போது அவ்வளவு எளிதாக விளங்குவதில்லை.

தெரிந்து தெளிவோம்

‘காப்பி’ என்னும் சொல் தமிழில் தன் விதையைவிட்டே தனியாக நடக்கத் தொடங்கிவிட்டது. சுக்குக்காப்பியிலும் மல்லிக்காப்பியிலும் காப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லை. சுடச்சுட, இனிப்பாக, சற்றுக் காரசாரமாகக் குடிக்கும் எதுவும் தமிழில் காப்பியாகிவிடும். கருப்பட்டிக் காப்பியில் மட்டும் பனையும் காப்பிச்செடியும் கைகோத்துக்கொள்வதுண்டு. தனித்தமிழ் அன்பர்கள் காப்பிக்குக் ‘குளம்பி’ என்று பெயர் சூட்டினர். வழக்கு, காப்பியோடு நின்றுவிட்டது.

வந்தேறிய விதை

குளிர்பானத்தை அயலானது என்று தள்ளிவிட்டுக் காப்பியை நம்முடையது என்று கொள்வதில் ஓர் இடறல் உண்டு. காப்பியும் வந்ததுதான். எத்தியோப்பிய மலைகளில் தோன்றி, ஏமன் நாட்டுத் துறைமுகங்கள் வழியே உலகெங்கும் பரவிய செடி அது. பாபாபூதன் என்னும் சூஃபித் துறவி ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது கருநாடக மரபுக்கதை. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி, சேர்வராயன் மலை, பழனிமலைச் சரிவுகள் எனக் காப்பித் தோட்டங்கள் பரவின.

தமிழர் அதைக் குடிக்கத் தொடங்கியது பிந்திய நிகழ்ச்சி. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலின் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. நீராகாரமும் பழைய சோறும் இருந்த விடியற்பொழுதில் காப்பி நுழைந்தபோது, அன்றைய பெரியோர் அதை ஐயத்தோடுதான் பார்த்தனர். உடலைக் கெடுக்கும், குடும்பச் செலவைப் பெருக்கும், நாகரிக மயக்கம் என்றெல்லாம் கண்டனங்கள் எழுந்தன. இன்று குளிர்பானத்தைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றுள் பல, ஒரு நூற்றாண்டுக்கு முன் காப்பியைப் பற்றிச் சொல்லப்பட்டவையே. எனவே பிறப்பிடத்தை வைத்து ஒரு பானத்தை ஏற்பதும் தள்ளுவதும் உறுதியான அளவுகோல் ஆகாது. மிளகாயும் தக்காளியும்கூடக் கடல்கடந்து வந்தவையே. அவற்றை யார் விலக்கப்போகிறார்கள்?

மதுரை வட்டாரத்துக்குக் காப்பியோடு உள்ள உறவு, குடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அது கசப்பான தொடக்கம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கண்டி மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைப் பெருக்கினர். கொட்டை பறிக்க ஆள் வேண்டியிருந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஏழைக் குடும்பங்களை அழைத்துச் சென்றனர். கடற்கரைவரை நடை, படகில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி மீண்டும் நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. 1869-இல் காப்பி இலைகளில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் சரிந்தது; தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. உழைத்த தமிழர் அங்கேயே தேயிலை பறிக்கும் தலைமுறைகளாயினர்.

காப்பி பறித்த அம்மக்கள், காப்பி குடித்திருப்பார்களா? ஏற்றுமதிக்கான மூட்டையில் ஒரு கைப்பிடி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டதில்லை. மதுரை மண்ணில் காலைக் காப்பியைச் சுவைப்போர், இம்மண்ணிலிருந்து நடந்தே சென்ற அக்கால்களை அறிந்துகொண்டு சுவைப்பது அவர்களுக்குச் செய்யும் சிறு மரியாதை.

இரண்டு குவளைகள்

காப்பியின் குற்றப்பட்டியல் இத்துடன் முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நகரங்களில் பெருகிய காப்பிக்கடைகள் எல்லாரையும் ஒருசேர அமரவைக்கவில்லை. ‘பிராமணாள்’ என்னும் பெயர்ப்பலகை தொங்கிய உணவகங்களில் சாதிக்கொரு பந்தி இருந்தது. அச்சொல்லை நீக்கக் கோரி 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு தந்தை பெரியார் மறியல் தொடங்கினார். பல மாதங்கள் நடந்த அம்மறியலில் நாள்தோறும் தொண்டர்கள் கைதாயினர்.

சிற்றூர்களில் நிலைமை இன்னும் கொடிது. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக்குவளை வைக்கும் இரட்டைக்குவளை முறை தென்மாவட்டங்களில் நெடுநாள் நிலவியது. சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த இடங்களும் இருந்தன. குடித்த குவளையைக் குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூரைக்கு வெளியே நின்று காசை வைத்துவிட்டுச் செல்லவேண்டும். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இதைக் குற்றமாக்கியபின்னும், சட்டம் நகரத்திலிருந்து சிற்றூர்க் கடைப்பலகைக்கு வந்துசேர நீண்ட காலமாயிற்று.

இங்கே புட்டிக்கு ஆதரவாக ஒரு சொல் சொல்லியாக வேண்டும். மூடி முத்திரையிட்டு வந்த புட்டிக்குச் சாதி பார்க்கத் தெரியாது. யார் கையில் கொடுத்தாலும் அது அதே புட்டிதான், அதே விலைதான். தனிக்குவளையின் இழிவை அறிந்த ஒருவர், பொங்கல் சந்தையில் பத்துப்பேர் நடுவே நின்று ஒரு வண்ணச்சோடாவைத் திறந்து குடித்தபோது அவருக்குக் கிடைத்தது இனிப்பு மட்டுமன்று. கிராமத்தின் மரபுப் பானங்களைப் புகழ்ந்து, புட்டியை வெறும் அயல்மோகம் என்று எள்ளுவோர் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. காப்பியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எவரும் முதலில் ஒன்றை உறுதிசெய்தாக வேண்டும்: கடையில் குவளை ஒன்றே. அது உறுதியாகாத இடத்தில், காப்பியின் மணத்தைப் பற்றிப் பேசுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

மலையும் மாடும்

இத்தனைக்குப் பிறகும் அன்றாடப் பானமாகக் காப்பிக்கு முன்னுரிமை தரலாம் என்றால், அதற்கான காரணங்கள் உணர்ச்சியில் இல்லை, வேலையில் இருக்கின்றன. ஒரு குவளைக் காப்பிக்குப் பின்னால் எத்தனை கைகள், எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

அலங்காநல்லூரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் சிறுமலையில் வாழைக்கும் எலுமிச்சைக்கும் நடுவே காப்பி விளைகிறது. மேற்கே கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்களில், மர நிழலில் மிளகும் ஆரஞ்சும் கூட வளரக் காப்பி பயிராகிறது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகிறது. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி கருநாடகத்தில் விளைகிறது, தமிழ்நாட்டின் பங்கு சிறியது என்பது மெய். ஆனால் அச்சிறுபங்கு மதுரைச் சமவெளிக்குத் தலைமாட்டிலேயே விளைகிறது. நிழல் மரங்களோடு வளரும் காப்பித்தோட்டம் மலைமண்ணைக் காக்கிறது. சாத்தையாறு போன்ற சிற்றாறுகள் சிறுமலையிலிருந்துதான் இறங்கி வருகின்றன. மேலே மரம் நின்றால் கீழே வாய்க்கால் ஓடும். நீரைத் தொலைவிலுள்ள ஆலைக்கு அனுப்பி, அதைப் புட்டியில் திரும்ப வாங்குவதைவிட இது சிக்கனமான ஏற்பாடு.

மலையிலிருந்து வருவது கொட்டை. பால் தொழுவத்திலிருந்து வருகிறது. விடியுமுன் கறந்து, கூட்டுறவுச் சங்கத்தில் அளந்து ஊற்றும் பெண்களின் வருமானம் காப்பிக்குவளையின் பாதிக்கு மேற்பட்ட பகுதியில் இருக்கிறது. இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லவேண்டும். வாடிவாசலில் சீறிவரும் புலிக்குளம் காளையின் இனத்துப் பசுக்கள் அதிகம் கறப்பவை அல்ல; கிடைபோட்டு வயலுக்கு உரமூட்டவும் உழவுக்கும் பேர்பெற்ற இனம் அது. காப்பியில் கலக்கும் பால் பெரும்பாலும் கலப்பினப் பசுவினுடையது. நாட்டு மாட்டுக்காக எழுந்த ஊரின் கடைகளிலும் அப்படித்தான். இதில் வெட்கப்பட ஏதுமில்லை, மறைக்கவும் ஏதுமில்லை. பசுவுக்குத் தீவனம் வாங்கும் வீட்டின் கணக்கு அது.

அடுத்தது போடும் வேலை. வறுத்து அரைத்த தூளை வடிகட்டியின் மேலடுக்கில் இட்டு, மெல்ல அழுத்தி, கொதிநீரை ஊற்றி மூடிவிட்டுக் காத்திருக்கவேண்டும். விரைந்து இறங்கினால் தூள் பருமன். இறங்காமலே நின்றால் மிக நைசு. சொட்டுச்சொட்டாய் இறங்கிய கருஞ்சாற்றில் கொதித்த பாலைச் சேர்த்து, டவராவுக்கும் குவளைக்குமாக இரண்டுமுறை ஆற்றினால் நுரை எழும். தூளில் சிக்கரிக் கிழங்கின் பொடி கலந்திருக்கும். 49 விழுக்காடுவரை கலக்கச் சட்டம் இடம்தருகிறது. பொட்டலத்தின் மீது சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த அளவைப் படித்து வாங்குவது நல்ல பழக்கம். அலங்காநல்லூர்க் கடைகளில் இத்தனை சடங்கு எல்லா நேரமும் நடப்பதில்லை. அங்கே தேநீரே அரசு செலுத்துகிறது. காப்பி கேட்டால் உடனடித் தூளைப் பாலில் கலக்கித் தருவதும் உண்டு. அதுவும் கண்முன் நடப்பதே.

உடலின் கணக்கு

காப்பியை மருந்தாக்கிப் பேசுவதும் தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு வழிகாட்டி 2024-இல் வெளிவந்தது. 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கும், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அது. அந்த எல்லை வளர்ந்தோருக்கானது. வளரும் பருவத்தினர் அதற்கு மிகக் கீழே நிற்பதே தகும். தேர்வுக் காலத்தில் நள்ளிரவில் மூன்றாம் குவளையைக் குடித்துப் படிப்போர், மறுநாள் தேர்வறையில் கண்கள் எரிய அமர்ந்திருப்பதை ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகள் பார்க்கின்றன. படிப்பு ஏறியதைவிட உறக்கம் இழந்ததே மிச்சம்.

உணவு உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காப்பி, தேநீரைத் தவிர்க்கவேண்டும் என்றும் அவ்வழிகாட்டி கூறுகிறது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை அவை தடுக்கின்றன. கீரையும் முருங்கையும் கேழ்வரகும் சமைத்துப் போட்டுவிட்டு, இலையெடுத்த கையோடு ஒரு காப்பியைக் கொடுத்தால், சமைத்தவர் உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. குருதிச்சோகை மிகுதியாகக் காணப்படும் வளரிளம் பெண்களின் வீடுகளில் இச்சிறு காலமாற்றம் மிகத் தேவையானது. இதற்குக் காசு செலவில்லை. கடிகாரம் பார்த்தால் போதும்.

சீனியிலும் காப்பி தூயதன்று. குவளைக்கு இரண்டு கரண்டி போட்டு நாளைக்கு நான்குமுறை குடிப்பவர், புட்டிக்காரரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வேறுபாடு ஒன்றே. புட்டியில் உள்ள 30 கிராமை ஒரு கிராம்கூடக் குறைக்கக் குடிப்பவரால் இயலாது. அது எங்கோ ஓர் அறையில், அவரை அறியாதவர்களால் முடிவுசெய்யப்பட்டு, மூடியிடப்பட்டுவிட்டது. காப்பியிலோ கடைசிநொடிவரை கரண்டி வெளியே இருக்கிறது.

அலங்காநல்லூர்ப் பேருந்து நிறுத்தத்தின் எந்தக் கடையிலும் விடிந்த சிறிதுநேரத்தில் இதைக் கேட்கலாம். “அண்ணே, சீனி கம்மியா ஒரு காப்பி.” “எனக்கு அரைச் சீனி போதும்ணே, டாக்டர் திட்டுறாரு.” “ஆத்தாவுக்குச் சீனியே வேண்டாம், நல்லா ஆத்திக் குடுங்க.” ஆற்றும் கை நிற்காமலே ஒவ்வொன்றுக்கும் தலை அசைகிறது. வரிசையாக வைத்த கண்ணாடிக் குவளைகளில் சீனிக் கரண்டி ஒன்றில் நின்று, ஒன்றில் பாதியாகி, ஒன்றைத் தாண்டிச் செல்கிறது.